கிருஷ்ணர் நீலமும் மானிட்டர் விலையும்

கடையில் பார்த்தவுடன் பிடித்துப்போகிற மானிட்டர் அச்சுத் தொழிலுக்கு ஆகாது. சிவகாசியில் பிரஸ் முதலாளிகள் பலரிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. வரிசையாக எரிந்துகொண்டிருக்கும் திரைகளில் எது பளிச்சென்று இருக்கிறதோ அதைக் கைகாட்டி, "இதையே போட்ருங்க" என்பார்கள். வெள்ளையில் நீலத்தைத் தூக்கி வைத்து, வெளிச்சத்தையும் முழுசாக ஏற்றி விட்டிருப்பதால் வரும் பளிச்சு அது. கிரிக்கெட் பார்க்க நல்ல திரைதான். அதில் ஒரு லட்சுமி படத்தைத் திருத்தி, பிளேட் போட்டு, ஆர்ட் பேப்பரில் ஓட்டிப் பாருங்கள். முதல் ஷீட்டைக் கையில் எடுத்ததுமே மெஷின்மேன் கேட்பார்: "என்னப்பா, கலர் செத்துப்போய்க் கிடக்கு?"

கலர் சாகவில்லை. பேப்பரில் வராத கலரைத் திரை காட்டிவிட்டது, அவ்வளவுதான். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறையில் இருக்கும் வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், அதோடு சரி. நல்ல கோட்டட் பேப்பரில்கூட, மை அதிகம் விழுந்த கறுப்புக்கும் வெறும் தாளுக்கும் உள்ள வித்தியாசம் நூறு மடங்கை ஒட்டித்தான் நிற்கும். சாதாரண எல்சிடி திரையே ஆயிரம் மடங்கைக் காட்டிவிடுகிறது. ஆகவே எங்களுக்கு வேண்டியது தன்னை அடக்கிக்கொள்ளத் தெரிந்த திரை. அந்த அடக்கத்துக்குத்தான் லட்சக் கணக்கில் விலை. இதை ஒரு முதலாளிக்குப் புரியவைப்பதைவிட மானிட்டரைச் செய்வது சுலபமாக இருக்கலாம்.

நான் தொழிலுக்கு வந்தது டிரம் ஸ்கேனரும் பிலிம் பாசிட்டிவும் இருந்த காலத்தின் கடைசியில். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணாச்சி, பிலிமில் இருக்கும் டாட்டை ஃபெரிசயனைடு கரைசல் தொட்ட பிரஷ்ஷால் கரைத்துக் கரைத்துக் கலர் குறைத்த கை. கம்ப்யூட்டர் வந்ததும் அவரும் மவுஸைப் பிடித்தார். திரையை மட்டும் கடைசிவரை நம்பவில்லை. "மானிட்டரப் பாத்துக் கலர் புடிக்காத. நம்பரப் பாரு" என்பார். நாலு மையில் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த நம்பர். சாமி முகமானால் மஞ்சள் மெஜந்தாவைவிடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும், சயான் மெஜந்தாவில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. திரையை அணைத்துவிட்டு நம்பரை மட்டும் படித்தாலும் அந்த முகம் எப்படி அச்சாகும் என்று சொல்லிவிடுவார்.

அவர் அப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு. அன்றைய டியூப் மானிட்டர்களில் நல்லது என்றால் சோனியின் டிரினிட்ரான், மிட்சுபிஷியின் டயமண்ட்ரான். டிரினிட்ரான் திரையை உற்றுப் பார்த்தால் குறுக்கே மயிரிழைபோல் ஒன்றிரண்டு கோடுகள் தெரியும். உள்ளே இருக்கும் கம்பிகள் அதிராமல் பிடித்துக்கொள்ளும் மெல்லிய கம்பியின் நிழல் அது. வாங்கிய புதிதில் எல்லாரும் "டேமேஜ் பீஸ்" என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்புவார்கள். அந்தத் திரைகளைப் போட்டு அரை மணி நேரம் சூடேறவிட்ட பிறகுதான் கலரைப் பற்றிப் பேசலாம். வருஷம் போகப் போக உள்ளே இருக்கும் பாஸ்பரும் களைத்துவிடும். நேற்றுக் காட்டிய சாம்பலை இன்றும் அப்படியே காட்டும் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது.

காலண்டர் தொழிலில் மானிட்டரின் பொய் முதலில் அம்பலமாவது கிருஷ்ணரிடம்தான். ராமரும் அப்படியே. திரையில் நீலம் என்பது தனி விளக்கு. அதை முழுசாக எரியவிட்டால் வரும் அந்தப் பளீர் நீலத்தை நாலு மையில் எந்தக் கூட்டாலும் கொண்டுவர முடியாது. சாப்ட்வேரிடம் மாற்றச் சொன்னால், அமெரிக்க அச்சுத் தரத்துக்கான வழக்கமான செட்டிங்கில், சயான் 88, மெஜந்தா 77 என்று எழுதிக் கொடுக்கும். திரையில் அப்போதும் நீலம் மாதிரியே இருக்கும். பிளேட் போட்டு ஓட்டினால் கிருஷ்ணர் கத்திரிக்காய் ஊதாவில் வந்து நிற்பார். மெஜந்தா எப்போதும் சயானைவிட முப்பது புள்ளியாவது கீழே இருந்தால்தான் நீலம் நீலமாக நிற்கும். அண்ணாச்சி இதை நூறுக்கு அறுபது என்று மனப்பாடமாக வைத்திருந்தார். கோவில்பட்டி கொண்டையராஜு வழியில் வந்த காலண்டர் படங்களில் நீல உடம்பின் மேடு பள்ளமெல்லாம் மெல்லிய ஊதாச் சாயலில்தான் திரும்பும். அங்கே மெஜந்தாவை ஒரேயடியாக வெட்டினால் உடம்பு தட்டையாகிவிடும். எவ்வளவு விடுவது, எங்கே வெட்டுவது என்பதை நம்பர் சொல்லாது. கண்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்கு நம்பகமான திரை தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

டியூப் போய் எல்சிடி வந்தபோது எங்கள் பிழைப்பு ஒரு படி கீழே இறங்கியது. மலிவு விலைத் தட்டைத் திரைகள் எல்லாம் டிஎன் பேனல். பார்க்கும் கோணம் மேலும் கீழும் கொஞ்சம் மாறினாலே நிறம் வேறாகிவிடும். நான் நாற்காலியில் உட்கார்ந்து முருகன் முகத்தைச் சரிசெய்துகொண்டிருப்பேன். முதலாளி பின்னால் நின்றபடி, "என்ன வெளிறிப்போய் இருக்கு?" என்பார். "உட்காந்து பாருங்க அண்ணாச்சி." உட்கார்ந்தால், "இப்ப சரியா இருக்கே, என்ன பண்ணுன?" என்பார். நான் ஒன்றும் பண்ணவில்லை. இந்தச் சங்கடத்துக்கு மருந்தான ஐபிஎஸ் பேனலை ஹிட்டாச்சி 1996இலேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் அது சிவகாசி டிடிபி மேஜைக்கு மலிவாக வந்து சேர வெகுகாலம் ஆயிற்று.

இன்னொரு சிக்கல் எஸ்ஆர்ஜிபி. 1996இல் எச்பியும் மைக்ரோசாப்டும் சேர்ந்து வகுத்த வண்ண எல்லை அது. அன்றைய சாதாரண டியூப் மானிட்டர் எதைக் காட்டுமோ அதையே அளவாக வைத்தார்கள். நல்ல பேப்பரில் அடித்த சுத்தமான சயான் மை அந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. மையே வெளியே நிற்கும்போது, அதைக் காட்ட முடியாத திரையில் உட்கார்ந்துகொண்டு கடலையும் வானத்தையும் திருத்துவது குருட்டாம்போக்கு. 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி அச்சு மையின் நிறங்களை மனதில் வைத்துத்தான் பச்சை, சயான் பக்கம் எல்லையை அகலப்படுத்தியது. "அடோபி ஆர்ஜிபியில் 99 சதவீதம்" என்று விலை உயர்ந்த மானிட்டர்களின் பெட்டியில் போட்டிருப்பதன் அர்த்தம் இதுதான். அந்த வரி பெட்டியில் இல்லையென்றால் விலை எவ்வளவாக இருந்தாலும் அச்சுக்காரனுக்கு அந்தச் சரக்கோடு வேலையில்லை.

பெரிய பிரஸ் ஒன்றுக்கு வேலை மாறிப் போனபோதுதான் ஐசோ கம்பெனியின் கலர்எட்ஜ் மானிட்டரில் உட்கார்ந்தேன். ஜப்பானில் இஷிகாவா மாகாணத்துக் கம்பெனி. பெட்டியைத் திறந்தால் திரைக்கு முன்னால் ஒரு காகிதம் வருகிறது: தொழிற்சாலையில் அந்த ஒரு மானிட்டரை மட்டும் வைத்து அளந்த அளவுகள். அதே மாடலில் அடுத்த பெட்டிக்கு வேறு காகிதம். போட்டவுடன் ஏமாற்றமாகத்தான் இருந்தது. மங்கல், வெள்ளையில் லேசாக மஞ்சள். பக்கத்து மேஜைத் தம்பி, "இதுக்கா இவ்ளோ காசு?" என்று கேட்டே விட்டான்.

அவனுக்குக் காட்டிய சோதனையை நீங்களும் உங்கள் திரையில் செய்து பார்க்கலாம். திரை முழுக்க நடுத்தரச் சாம்பல் நிறத்தை நிரப்புங்கள். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். சாதாரணத் திரையில் ஒரு மூலை சிவந்திருக்கும், ஒரு மூலை பச்சை பாய்ந்திருக்கும், ஓரங்கள் இருட்டியிருக்கும். இப்போது ஒரு முகத்தை இடது ஓரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அதையே வலது ஓரத்துக்கு இழுங்கள். சிறிதாகவாவது நிறம் மாறும். முகத்தின் நம்பர் அப்படியே இருக்கிறது, மாறியது திரைதான். பன்னிரண்டு மாதப் படங்களை ஒரே ஷீட்டில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறவனுக்கு இது தலைவலி. விலை உயர்ந்த மானிட்டரில் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக அளந்து சமப்படுத்தியிருப்பார்கள். இதற்காகத் திரையின் மொத்த வெளிச்சத்தில் கொஞ்சத்தைப் பலி கொடுக்கிறார்கள். மங்கலுக்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது ஒளிவட்டம். எந்தச் சாமி படத்திலும் தலைக்குப் பின்னால் ஒரு பிரபை இருக்கும். நடுவில் வெள்ளை, அங்கிருந்து மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் பின்னணி நிறத்தில் கரைந்துபோகும். சாதாரணத் திரையில் அந்தக் கரைசல் வழவழப்பாக இல்லாமல் படிப்படியாகத் தெரியும். எட்டு பிட் திரைக்கு ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் உண்டு. அதையும் நிறத்தை அளக்கும் சென்சார் வைத்துச் சரிசெய்கிறேன் என்று கிராபிக்ஸ் கார்டில் திருத்தினால் அந்த 256இலிருந்தே சில படிகள் காணாமல் போகும். பார்க்கிற ஆள், ஃபைலில் கோடு விழுந்திருக்கிறது என்று நினைத்து நாய்ஸ் போட்டு மறைப்பான். அச்சில் அந்த நாய்ஸ் மட்டும் மணல் தூவியதுபோல் வந்து சேரும். தொழில்முறை மானிட்டரில் திருத்தம் கார்டில் நடப்பதில்லை. மானிட்டருக்கு உள்ளேயே 14, 16 பிட் கணக்கில் நடந்து, அதிலிருந்து வடிகட்டி வெளியே வருகிறது. 10 பிட் என்றால் நிறத்துக்கு 1,024 படிகள். கார்டு, கேபிள், சாப்ட்வேர் எல்லாமே 10 பிட்டுக்கு ஒத்துவந்தால்தான் அதுவும் பலிக்கும். மானிட்டரை மட்டும் வாங்கிவிட்டுப் பழைய கேபிளில் மாட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சென்சார் கதை வேறு. முதலில் வெளியில் இருந்து மாட்டும் சென்சார்தான் எல்லாரிடமும் இருந்தது. மாதம் ஒருமுறை திரையில் தொங்கவிட்டு அளக்க வேண்டும். ஆர்டர் நெருக்கடியில் யாருக்கும் ஞாபகம் வராது. பிறகு சட்டத்துக்குள்ளேயே சென்சார் வைத்த மாடல்கள் வந்தன. ராத்திரி நாம் வீட்டுக்குப் போன பிறகு, குறித்த நேரத்தில் குட்டிக் கை ஒன்று திரையின் மேல் வந்து அளந்து, திருத்திக்கொண்டு, உள்ளே போய்விடும். இந்த அதிசயம் வந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபீஸ் பையன் எல்லா மெஷினுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தான். மானிட்டருக்கு எங்கே வைப்பான்? சட்டத்தின் மேல்பக்கம் நட்ட நடுவில், சரியாக அந்தச் சென்சார் மூடியின் மேல். காய்ந்த சந்தனத்தைக் குச்சியால் சுரண்டி எடுத்து முடிக்க ஒரு காலைப்பொழுது போயிற்று. அடுத்த வருஷத்திலிருந்து மானிட்டரின் காலுக்குத்தான் பொட்டு.

இவ்வளவு செய்தும் அறை சரியில்லையென்றால் எல்லாம் வீண். அச்சைப் பார்க்கும் வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 3664 என்று ஒரு தரம் இருக்கிறது. டி50 எனப்படும் 5000 கெல்வின் விளக்கு, கூர்மையான ஒப்பீட்டுக்கு 2,000 லக்ஸ், சுற்றிலும் பளபளப்பில்லாத நடுநிலைச் சாம்பல். எங்கள் அறைக்குச் சாம்பல் பெயின்ட் அடிக்க வந்தவர் "வெறும் சாம்பல் செத்தாப்ல இருக்கும் சார்" என்று கொஞ்சம் நீலம் கலந்தே அடித்துவிட்டார். மறுபடி அடிக்க வைத்தோம். முதலாளிக்கு அந்த நிறமே பிடிக்கவில்லை. மங்களகரமாக ஒரு மஞ்சள் திரைச்சீலையாவது போடலாமே என்றார். வெளிச்சம் மேலே விழாமல் மறைக்கும் கறுப்பு ஹூட் மானிட்டரோடு வராவிட்டால் கவலையில்லை. சிவகாசியில் அட்டைக்கா பஞ்சம்? பைண்டிங் பிரிவில் வெட்டி, உள்பக்கம் கறுப்பு வெல்வெட் காகிதம் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். சட்டை விஷயத்திலும் நான் கறார். சிவப்புச் சட்டை போட்டு உட்கார்ந்தால் அதன் சாயல் திரையில் விழும். அதனால் வேலைக்குப் போகும் சட்டைகள் எல்லாம் ஒரே அழுக்குச் சாம்பல்.

2012இன் மின்வெட்டுக் காலம் இந்த ஏற்பாட்டையெல்லாம் கேலி செய்தது. அப்போது இந்த மானிட்டர்களின் பின்விளக்கு பெரும்பாலும் சிசிஎஃப்எல் குழல். சூடாகி நிலைக்க நேரமெடுக்கும். நிலைத்து முடிக்கும்போது கரண்டு போகும். வந்தால் மறுபடி முதலிலிருந்து. யுபிஎஸ் பேட்டரியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதா, மானிட்டருக்கா, ஃபேனுக்கா என்று தகராறு. ஆடிப்பெருக்கன்று புது வருஷக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்கு முந்தைய மாதங்களில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. அந்த வருஷம் கலர் வேலைகளை நடுராத்திரிக்குத் தள்ளிவிட்டு, பகலில் எழுத்து வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இப்போது காலண்டரைவிடக் கடினமான வேலை ஜவுளிக் கேட்லாக். பட்டுப் புடவையில் மயில்கழுத்து என்பார்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். ஆட்டினால் நீலம், திருப்பினால் பச்சை. கேமரா அதில் ஒன்றைத்தான் பிடிக்கும். வாடாமல்லி நிறம் இன்னும் மோசம். அந்த ஊதா கலந்த பளீர் மெஜந்தா நாலு மையில் முழுசாக வரவே வராது. கடைக்காரர் புடவையோடு வந்து உட்காருவார். மற்றொரு கையில் போன் இருக்கும். போனில் வாடாமல்லி ஜொலிக்கும். புடவையைவிடவே கூடுதலாக ஜொலிக்கும். "இந்த மாதிரி வரணும் சார்."

அவரிடம் மானிட்டரைப் பற்றிப் பேசிப் பயனில்லை. போனை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிடுவேன். புடவையை டி50 விளக்குக்கு அடியில் விரிக்கச் சொல்வேன். கடை டியூப்லைட்டில் ஒரு நிறமாகவும் வெயிலில் வேறாகவும் தெரிந்த துணி இங்கே எப்படி இருக்கிறது என்று அவரே பார்க்கட்டும். பக்கத்தில் மானிட்டரில் சாப்ட் புரூஃப், அதாவது அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே பார்ப்பது. மையின் எல்லையையும் தாளின் வெள்ளையையும் சேர்த்துக் காட்டச் சொன்னால் படம் சட்டென்று அமுங்கும். மாறும் அந்த நொடியில் திரையைப் பார்த்தால் வயிறு எரியும். அதனால் பட்டனை அமுக்கும்போது அவரைப் புடவையைப் பார்க்க வைத்துவிடுவேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பிப் பார்ப்பவருக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்திருப்பது தெரியும். "வாடாமல்லி மட்டும் கொஞ்சம் கம்மியாத்தான் வரும்போல" என்று அவரே சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அதே வாக்கியத்தை முப்பதாயிரம் ஷீட் ஓடிய பிறகு அவர் சொன்னால் பேப்பர் காசு யார் தலையில் விழும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மானிட்டரின் விலையை நான் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

விலை என்றதும் எல்லாரும் ஆப்பிளை இழுப்பார்கள். 2019 ஜூனில் அவர்கள் புரோ டிஸ்ப்ளே எக்ஸ்டிஆர் மானிட்டரை அறிவித்தபோது 4,999 டாலர். தாங்கி நிற்கும் ஸ்டாண்டுக்குத் தனியாக 999 டாலர். ஸ்டாண்டின் விலையைக் கேட்டு அரங்கில் இருந்தவர்களே முணுமுணுத்தார்கள். ஆனால் அதே மேடையில் அவர்கள் ஒப்பிட்டுக் காட்டியது 43,000 டாலர் ரெஃபரன்ஸ் மானிட்டரோடு. சினிமாவில் கலர் கிரேடிங் செய்கிற அறைகளில் இருக்கும் ரகம். எச்டிஆர் படத்துக்கு 1,000 நிட் வெளிச்சம் வேண்டும், சினிமாக்காரர்களுக்கு அது நியாயம். நான் என் திரையை 120 நிட்டில் வைத்து ஓட்டுகிறேன். மீதி வெளிச்சத்துக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்? விலை கூடின எல்லா மானிட்டரும் எல்லாத் தொழிலுக்கும் நல்லது என்பது விற்கிறவர்களின் பேச்சு. மார்பக எக்ஸ்ரே பார்க்கும் டாக்டருக்கான மானிட்டர் சாம்பலின் நுண்மையில் என்னுடையதைத் தூக்கிச் சாப்பிடும். அதில் காலண்டர் போட முடியாது.

கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் மட்டும் அடிக்கிறவர்களுக்கு இது எதுவும் வேண்டாம். தங்க ஃபாயிலை எந்த மானிட்டரும் காட்டப்போவதில்லை. நாளிதழ்த் தாளில் மொத்த மையே 240 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் இடத்தில், வாடாமல்லியின் கடைசிச் சாயலைத் தேடுவதும் வீண் செலவு. கோயில் சிலைப் புத்தகம், ஓவியப் புத்தகம், ஜவுளி, நகை, சாப்பாட்டுப் பொட்டலம் போடுகிறவர்கள் வாங்கித்தான் ஆக வேண்டும்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் நேராக மானிட்டர் கடைக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு சென்சார் வாங்குங்கள், அடுத்து டி50 விளக்கு, மூன்றாவதுதான் மானிட்டர். பெரிய பிரஸ்கள் கழித்துப் போடும் நல்ல மானிட்டர்கள் பாதி விலைக்குக் கிடைக்கும். டிராக்டருக்கு இருப்பதுபோல் இவற்றிலும் ஓடிய மணிநேரம் பதிவாகியிருக்கும். மெனுவைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, திரை முழுக்கச் சாம்பலை நிரப்பி நாலு மூலையையும் பார்த்துவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.